பிறப்புப் பதிவில் "இனம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?

லிந்துலைக்காரன் (கேள்வி)

எங்களுக்கு மூன்று வாரத்துக்கு முன் மகள் பிறந்தாள். முதல் பிள்ளை. நான் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவன். இப்போது வத்தளையில் இருக்கிறோம், ஒரு கம்பனியில் கணக்கு வேலை. மனைவிக்கு யாழ்ப்பாணத்து வடமராட்சி.

பிறப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் தகப்பனின் இனம், தாயின் இனம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. மனைவி தன் கட்டத்தில் "இலங்கைத் தமிழர்" என்று உடனே எழுதிவிட்டாள். என் கட்டம் ஒரு வாரமாக வெறுமையாகக் கிடக்கிறது. 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் இனம் "இந்தியத் தமிழர்". அண்ணனின் சான்றிதழில் அதே அப்பா "இலங்கைத் தமிழர்". ஒரே லயம், நாலு வருட இடைவெளி, எழுதிய பதிவாளர்தான் வேறு. அப்பா இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. தாத்தாவும் இங்கேதான் பிறந்தார், பிரட்டுக்களத்துக்கு (காலையில் வேலைக்குப் பேர் எடுக்கும் இடம்) பக்கத்து லயத்தில். தாத்தாவின் அப்பாதான் கடல் தாண்டி வந்தவர். துறையூர்ப் பக்கம் என்று சொல்வார்கள். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

மனைவியின் சித்தப்பா நல்ல மனிதர், என் மேல் பிரியமானவர். அவர் சொன்னார், "இலங்கைத் தமிழர் என்றே போடுங்கோ தம்பி, பிள்ளைக்குப் பிறகு கரைச்சல் இராது." என்ன கரைச்சல் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. இங்கே எழுதுவதற்கு அதுதான் காரணம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வருவதற்குள் கொழும்புக்கு வந்தேன். புறக்கோட்டையில் ஒரு கடையில் பகலில் வேலை, இரவில் கணக்கியல் வகுப்பு. எங்கள் டிவிசனில் இருந்து வந்த பொடியன்கள் ஏழு பேர் கடைக்குப் பின்னால் சாமான் அறையில் படுப்போம். அது 2007. அந்த வருடம் ஜூன் 7ஆம் திகதிதான் கொழும்பு விடுதிகளில் இருந்த தமிழர்களை விடியற்காலையில் எழுப்பி, பேருந்தில் ஏற்றி, வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. நாங்கள் அந்த இரவு மாவு மூட்டைகளுக்கு நடுவில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு மாதம் கழித்து ஒரு சோதனைச் சாவடியில் என்னைப் பிடித்து ஒரு இரவு வைத்திருந்தார்கள். "நான் தோட்டம், நுவரெலியா மாவட்டம்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னேன். அங்கே இருந்தவருக்கு அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. பெயர் தமிழ்ப் பெயர், அது போதும்.

அப்புறம் கல்யாணம் முடிந்து வெள்ளவத்தையில் வீடு தேடினோம். வீட்டுக்கார அம்மாவும் தமிழர்தான். நான் தனியாகப் போயிருந்தேன். "சொந்த ஊர் எது?" என்றார். லிந்துலை என்றேன். "இல்லை, அப்பா அம்மாவின் ஊர்?" அதுவும் லிந்துலைதான் என்றேன். "ஓ, தோட்டமா" என்றார். அவ்வளவுதான், குரல் உயரவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. சாயத்தண்ணி கூடத் தந்தார். அடுத்த நாள் கூப்பிட்டு, வேறு ஆட்கள் முன்பணம் கொடுத்துவிட்டார்கள் என்றார். பத்து நாள் கழித்து மனைவி தன் ஊரைச் சொல்லிக் கேட்டபோது வீடு காலியாகத்தான் இருந்தது. நாங்கள் அங்கே போகவில்லை.

சாவடியில் நான் தமிழன், வீடு கேட்ட இடத்தில் நான் தோட்டம். ஊருக்குப் போனால் அங்கே வேறு. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் எங்கள் லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டக் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, வரும், கணக்கப்பிள்ளை ஞாபகம் வந்தால் பிரட்டில் கொடுப்பார். ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு வந்த நேர்முகக் கடிதம் அங்கே 18 நாள் கிடந்தது. என் கைக்கு வந்தபோது திகதி முடிந்திருந்தது. அம்மா அன்றைக்கு மலையில் இருந்து கூடையை இறக்கிவிட்டு நேரே கந்தோருக்குப் போய், வாசலில் நின்று கத்தினார். அம்மா அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நான் ஆசிரியராகாமல் கணக்குக்கு வந்தது அப்படித்தான்.

இப்போது என் கேள்வி. "இந்தியத் தமிழர்" என்று எழுதினால், நான்காவது தலைமுறையாக இந்த மண்ணில் பிறந்த பிள்ளையை வேறு நாட்டுப் பெயரால் பதிகிறேன். "இலங்கைத் தமிழர்" என்று எழுதினால், எதையோ மறைத்துக்கொண்டு உள்ளே நுழைவது போல எனக்குத் தோன்றுகிறது. இத்தனைக்கும் இலங்கையில் பிறந்த தமிழன்தான் நான், அந்தச் சொல்லில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அப்படித் தோன்றுகிறது. உங்கள் வீடுகளில் என்ன எழுதினீர்கள்? அதனால் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதுளை டீச்சர்

மகளுக்கு என் ஆசீர்வாதம், தம்பி. 31 வருடம் வரலாறு படிப்பித்தவள் நான், என் அப்பாவும் தோட்டத்தில் பிறந்தவர். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் அந்தக் கட்டம் எப்போதும் இருந்ததில்லை. 1911 குடிசன மதிப்பீட்டில்தான் தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதல்முதலில் இரண்டாகப் பிரித்து எண்ணினார்கள். அன்றைக்கு அது வெள்ளைக்காரனின் கணக்கு வசதி. 1946 மதிப்பீட்டைப் பாருங்கள். இந்தியத் தமிழர் 780,589, இலங்கைத் தமிழர் 733,731. இந்த நாட்டுத் தமிழரில் பெரிய கூட்டம் நாங்கள்தான். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. வேறு பல தொகுதிகளில் எங்கள் ஆட்களின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. அடுத்த வருடமே 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அப்பா இங்கே பிறந்தார், இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று தாளில் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் தாள் ஏது? ஒரு தலைமுறைக்கு முன் யாரோ கட்டத்தில் எழுதிய சொல், ஆளை நாட்டுக்கு வெளியே தள்ளும் சொல்லாக மாறியது. 1952 தேர்தலில் மலையகத்தில் இருந்து எங்கள் பிரதிநிதி ஒருவர் கூட இல்லை. அதற்குப் பிறகு எங்கள் தலைவர் தொண்டமான் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போவதற்கு 1977 ஆக வேண்டியிருந்தது.

1949இல் இன்னொரு சட்டம் வந்தது, விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறலாம் என்று. எட்டு இலட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. என் அப்பாவின் விண்ணப்பம் ஏன் தள்ளப்பட்டது தெரியுமா? தோட்டத்துச் செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) அவர் பெயர் ஒரு விதமாக இருந்தது, பதிவில் வேறு விதமாக இருந்தது. கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதிய பெயர். ஒரே ஆள்தான் என்று காட்ட அப்பா கண்டிக்கும் கொழும்புக்கும் ஏழெட்டுத் தடவை போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் அன்றைக்கு பேர் விழாது, சம்பளம் வெட்டு. வீட்டில் ஒரு தகரப்பெட்டி இருந்தது, அதில் அந்தத் தாள்களைத் தவிர வேறு எதையும் வைக்க விடமாட்டார்.

பிறகு 1964 அக்டோபர் 30, இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974இல் இரண்டு நாடும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். தம்பி, நான் இதை வகுப்பில் எத்தனையோ வருடம் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை கூடக் குரல் இடறாமல் சொன்னதில்லை. மனிதரை இப்படிப் பங்கு போட்டதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது? நாடற்றவர் என்ற நிலை 1988 சட்டத்தாலும் 2003 சட்டத்தாலும்தான் ஒருவாறாகத் தீர்ந்தது. என் அப்பா அதைப் பார்க்கவில்லை.

இப்போது உங்கள் கட்டத்துக்கு வருகிறேன். 1953இல் நாங்கள் 974,098 பேர். 1981இல் 818,656. 2012இல் 839,504. இந்த 60 வருடத்தில் நாட்டின் சனத்தொகை இரண்டரை மடங்கானது, நாங்கள் குறைந்தோம். கப்பலேறியவர்கள் ஒரு பக்கம். கட்டத்தில் "இலங்கைத் தமிழர்" என்று மாற்றி எழுதியவர்கள் இன்னொரு பக்கம். என் பழைய மாணவர்களிலேயே எத்தனையோ பேர். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், உங்களுக்கு வெள்ளவத்தையில் நடந்ததுதான் அவர்களுக்கும் நடந்திருக்கிறது.

ஆனால் எண்ணிக்கை குறைந்தால் என்னவாகும் என்பதையும் யோசியுங்கள். 2012 மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்தில் மட்டும்தான் நாங்கள் பாதிக்கு மேல் இருந்தோம். பதுளை, கண்டி, இரத்தினபுரி, கேகாலை, இங்கெல்லாம் சிதறிக் கிடக்கிறோம். ஒரு தோட்டத்துக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வேண்டும், தமிழ் தெரிந்த கிராம சேவகர் வேண்டும் என்று கேட்டால் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்பார்கள். தோட்டத்து வீதிக்கும் வாய்க்காலுக்கும் பிரதேச சபை தன் காசைச் செலவழிக்கச் சட்டம் தடையாக இருந்தது. அந்தப் பிரிவைத் திருத்தியது 2018இல்தான். வரி வாக்கு எல்லாம் கொடுத்துக்கொண்டே 30 வருடத்துக்கு மேல் சபைக்கு வெளியே நின்றோம். தனியாக எண்ணிக் காட்ட ஆள் இருந்ததால்தான் அதையாவது கேட்க முடிந்தது.

"இந்திய" என்ற சொல் எனக்கும் பிடிக்காது. நாங்களாக வைத்துக்கொண்ட பெயர் மலையகத் தமிழர். 2023இல், வந்து 200 வருடம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதில் நானும் மாத்தளைக்கு முந்திய கடைசிப் பகுதியில் முழங்கால் வலியோடு நடந்தேன். பேச்சிலும் எழுத்திலும் அந்தப் பெயரைத்தான் பாவிக்க வேண்டும். பதிவில் மட்டும் உங்கள் சொந்தச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதையே எழுதுங்கள். தாத்தா, அப்பா, நீங்கள், மகள் என்று தாள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாத தாளால் வந்த வினையை நான் வீட்டில் பார்த்தவள்.


கிளிநொச்சியில் இருந்து

டீச்சர் சொன்னதை மறுக்கவில்லை. எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

1977 ஆகஸ்ட் கலவரத்தில் எங்கள் லயத்தை எரித்தார்கள். அப்பா, அம்மா, இரண்டு அக்காமார், கையில் ஒரு சட்டி, அவ்வளவோடு வவுனியாவுக்கு வந்தார்கள். பிறகு கிளிநொச்சி. நான் இங்கே பிறந்தவன். அப்பா காடு வெட்டினார், கூலிக்கு வெங்காயம் நட்டார். என் பதிவில் "இலங்கைத் தமிழர்" என்றுதான் இருக்கிறது. அப்பா வேண்டுமென்றே அப்படி எழுதச் சொன்னார். இனி ஒருவனும் இந்தியாவுக்குப் போ என்று சொல்லக்கூடாது என்று.

சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் நாங்கள் இருக்கும் பகுதியை இன்றைக்கும் "மலைநாட்டாக்கள் இருக்கிற இடம்" என்றுதான் காட்டுவார்கள். யுத்தம் முடிந்து மீள வந்தபோது காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டார்கள். எங்களைப் போல வந்து குடியேறிய நிறையப் பேரிடம் உறுதி இல்லை. உறுதி இல்லாவிட்டால் வீட்டுத்திட்டத்தில் பெயர் பின்னுக்குப் போய்விடும். அக்காவுக்கு ஒரு சம்பந்தம் பேசி, எல்லாம் சரி என்று வந்து, கடைசியில் அப்பாவின் ஊர் தெரிந்ததும் நின்றது. யுத்தத்தில் என் தம்பி போனான். ஷெல் விழுந்தபோது யாரும் யாரின் ஊரையும் கேட்கவில்லை.

ஆகவே அண்ணன், கட்டத்தில் எதை எழுதினாலும் ஊர்ச்சனம் தன்பாட்டில் இன்னொரு கட்டம் வைத்திருக்கிறது. அதற்குப் பயந்து எழுதாதீர்கள். என் மகனுக்கு நான் "இலங்கைத் தமிழர்" என்றே எழுதினேன். அப்பாவின் விருப்பம் அது, அவர் எரிந்த லயத்தில் இருந்து கொண்டுவந்த ஒரே முடிவு. மகனுக்குத் தாத்தாவின் தோட்டத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். லயம் இருந்த இடத்தில் கருவேப்பிலை மரம் ஒன்று மட்டும் நின்றது.


வடமராட்சி வாசகர்

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். லிந்துலைத் தம்பியின் மனைவி எங்கள் பக்கம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், தமிழர் என்று மட்டும் எழுதினால் என்ன, எதற்கு இரண்டு பிரிவு என்று பதில் போடத்தான் வந்தேன். எழுதிவிட்டு அழித்துவிட்டேன். எங்கள் வீட்டில் நான் சிறுவனாக இருந்தபோது மலையகத்தில் இருந்து ஒரு பிள்ளையை வீட்டு வேலைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். என்னைவிட இரண்டு வயது கூடியவள். நான் பள்ளிக்கூடம் போகும்போது அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தனிக் கோப்பை, குசினி மூலையில் ஆணியில் தொங்கும். அவளுடைய பெயரை மாற்றி, எங்கள் அம்மாவுக்குச் சொல்ல வசதியாக வேறு பெயர் வைத்தார்கள். அவள் கொப்பி ஒன்று கேட்டாள் என்று நான் பழைய கொப்பியில் மிஞ்சிய தாள்களைக் கிழித்துக் கொடுத்ததற்கு எனக்கு அடி விழுந்தது. எங்கள் வீடு படித்த வீடு, உரிமை பேசிய வீடு. 1949இல் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை விட்டுப் பிரிந்தது மலையக மக்களின் பிரஜாவுரிமைக்காக என்று என் அப்பா பெருமையாகச் சொல்வார். அவர் அதைச் சொல்லும்போது தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பவள் அவள்தான்.

இப்படி ஒரு வீட்டில் இருந்து வந்துகொண்டு, பிரிவு எதற்கு என்று நான் உங்களிடம் கேட்க முடியாது. நீங்கள் எதை எழுதினாலும் அது உங்கள் முடிவாக இருக்கட்டும். சித்தப்பா சொன்னார் என்பதற்காக எழுத வேண்டாம். உங்கள் மகள் எங்கள் ஊருக்கு வரும்போது, அப்பாவுக்கு எந்த ஊர் என்று அவளிடம் யாராவது கேட்பார்கள். அவள் லிந்துலை என்று சத்தமாகச் சொல்லும்படி வளருங்கள். கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எங்கள் பொறுப்பு.


கோத்தகிரி அக்கா

தமிழ்நாட்டுக் கரையில இருந்து ஒருத்தி எழுதுறேன். நான் பிறந்தது தலவாக்கலைப் பக்கம். 1972இல் இங்கே வந்தோம், அப்போது எனக்கு ஏழு வயது.

அந்த ரயிலை எங்கள் சனம் "ஒப்பாரி கோச்சி" என்று சொல்லும். ஸ்டேஷனில் ஏற்றிவிட வந்தவர்களும் அழுவார்கள், ஏறியவர்களும் அழுவார்கள், வண்டி நகர்ந்தால் பிளாட்பாரம் முழுக்க ஒரே ஓலம். என் அப்பாயி ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை விடவே இல்லை. அவருக்கு ஒரு பிள்ளை இலங்கைப் பிரஜை, இரண்டு பிள்ளை இந்தியப் பாஸ்போர்ட். யார் எந்தத் தாளில் கைநாட்டு வைத்தார்கள் என்பதைப் பொறுத்து குடும்பம் உடைந்தது. தலைமன்னாரில் கப்பல், இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம், அங்கிருந்து ரயிலில் மேட்டுப்பாளையம், அப்புறம் லாரியில் மலைக்கு. தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கம் பேர் வைத்தது. எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களைப் போட்டார்கள், 1976இல் அதைக் கழகமாக்கினார்கள். கொழுந்து எடுக்கத் தெரிந்த கை, அதனால் பிழைத்தோம்.

அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்ததும் "சிலோன்காரங்க" ஆனோம். பள்ளிக்கூடத்தில் நான் "கோச்சி" என்று சொன்னதற்கு வகுப்பே சிரித்தது, அதற்குப் பிறகு ஒரு வருடம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு இன்னும் மோசம். அகதிகள் என்ற பேச்சு வந்தது. நாங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டோடு, இந்தியக் குடிமக்களாக வந்தவர்கள், அகதி இல்லை. அதைச் சொன்னால் கேட்பவர்களுக்குப் புரியாது. என் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனபோது, பூர்வீக ஊரில் இருந்து ஆதாரம் கொண்டுவா என்றார் அந்த அலுவலகத்தில் இருந்தவர். பூர்வீக ஊரை விட்டுப் போய் நூறு வருடம் ஆச்சு, அங்கே எங்களை யாருக்குத் தெரியும்? அந்தச் சான்றிதழ் வரத் தாமதமானதில் அவனுக்கு ஒரு வருடப் படிப்பு போச்சு. தம்பிக்குக் கந்தோரில் கடிதம் கிடந்ததைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

எனக்கு டீச்சர் சொன்னதுதான் சரியாகப் படுது. தாளை ஒன்றோடொன்று பொருத்தி வையுங்க. என் மாமியாரின் பாஸ்போர்ட்டில் அவங்க அப்பா ஊர் ஒரு வரி இருந்தது, அந்த ஒரு வரிதான் கடைசியில் என் மகனுக்குச் சான்றிதழ் வாங்கித் தந்தது.


லிந்துலைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு பேருமாக எல்லாப் பதில்களையும் படித்தோம். வடமராட்சி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். பிறகு வந்து சொன்னாள், அவர்கள் வீட்டிலும் அப்படி ஒரு அக்கா இருந்தாராம், நுவரெலியாவில் இருந்து வந்தவர் என்பது மட்டும் தெரியும், அவருடைய உண்மையான பெயர் இவளுக்கு இன்றைக்கும் தெரியாதாம். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் இதை என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அன்றைக்கு இரவு நாங்கள் நிறைய நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை போய்ப் பதிந்துவிட்டேன். என் கட்டத்தில் "இந்தியத் தமிழர்" என்று எழுதினேன், என் சான்றிதழில் இருக்கிறபடியே. எழுதும்போது கை கொஞ்சம் நின்றது உண்மை. கிளிநொச்சித் தம்பி, உங்கள் அப்பாவின் முடிவும் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. என் அப்பா உயிரோடு இருந்து, அவர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் நானும் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அவருக்குக் கட்டம் பற்றிக் கவலையே இல்லை. "பிறந்த இடம்னு போட்டிருப்பானே, உன் பேருக்கு நேரா லிந்துலைன்னு எழுதினியா?" என்றுதான் கேட்டார். எழுதினேன். டிவிசன் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார். அதற்கு இடம் இருக்கவில்லை, ஆனாலும் சின்ன எழுத்தில் எழுதினேன், பதிவாளரும் ஒன்றும் சொல்லவில்லை.

டீச்சர், ஊருக்குப் போய் அப்பாவின் பெட்டியைத் திறக்கப் போகிறேன். தாத்தாவின் 1949 விண்ணப்பத்துக்குக் கொடுத்த துண்டு ஒன்று அதில் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார். எல்லாவற்றையும் பிரதி எடுத்து மகளின் சான்றிதழோடு ஒரே கோப்பில் போடுவதாக இருக்கிறேன்.

கோத்தகிரி அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். என் பாட்டியின் தம்பி ஒருவர் 1973இல் கோச்சியில் ஏறினார். லிந்துலைப் பக்கத்து ஆள், இடது கையில் கவ்வாத்துக் கத்தி வெட்டிய தழும்பு இருக்கும், ஊரில் தப்பு மேளம் அடிப்பார். இரண்டு கடிதம் வந்தது, இரண்டாவது கோத்தகிரித் தபால் முத்திரையோடு. 1983க்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பாட்டி 2011இல் போகும் வரைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி அவருக்கென்று ஒரு வேட்டி எடுத்து வைப்பார். அவர் இப்போது இருக்க வாய்ப்பில்லை, ஆனால் பிள்ளைகள் இருப்பார்கள். எங்கே விசாரிப்பது?


கோத்தகிரி அக்கா

தம்பி, அந்தக் கடிதம் இன்னும் இருக்கா? இருந்தா உறையில் அனுப்பினவர் முகவரி பார்த்து, எந்த டிவிசன், எந்த லைன் நம்பர் என்று எழுதுங்க. பெயரை இங்கே பொதுவில் போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்க. 73இல் வந்தவங்க எங்கள் பக்கம் மூணு டிவிசனில்தான் இருந்தாங்க. ஆடித் திருவிழாவுக்குப் பழைய ஆளுங்க எல்லாம் கோயிலுக்கு வருவாங்க, தப்பு அடிக்கிற குடும்பம் என்றால் கண்டிப்பா யாருக்காவது தெரியும். நான் கேட்டுப் பார்க்கிறேன்.